மாடி ஜன்னலிலிருந்து வீதியைப் படம் பிடித்தவர்



பரிசளிப்பு விழா என்றால் படம் பிடிக்காமல் இருப்போமா? பிள்ளை மேடையேறிக் கிண்ணம் வாங்கும்போது பத்துப் பேர் கைப்பேசியைத் தூக்கிப் பிடிக்கிறோம். கண்ணை மூடித் திறப்பதற்குள் படம் விழுந்துவிடுகிறது. ஆதியில் இதற்கு வழி திறந்துவிட்டவர்களில் ஒருவருடைய வாழ்க்கையை இங்கே எழுதுகிறேன். அவர் பெயர் லூயி டாகேர். பிரான்சு நாட்டவர். அவர் மறைந்து நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. வெள்ளைக்காரர் கதை நமக்கு எதற்கு என்று தள்ளிவிடாதீர்கள். உழைத்துப் பிழைக்கும் மக்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது.

சீன் எழுதும் இளைஞர்

டாகேர் 1787-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் பாரிசுக்குப் பக்கத்திலுள்ள கோர்மெய் என்ற ஊரில் பிறந்தார். செல்வக் குடும்பமில்லை. ஏட்டுப் படிப்பும் அதிகமில்லை. ஆனால் கை மட்டும் ஓயாமல் வரைந்துகொண்டே இருக்கும். முதலில் கட்டடம் வரைபவர் ஒருவரிடம் வேலை பழகினார். பதினாறு, பதினேழு வயதில் பாரிசுக்குப் போய், நாடகங்களுக்குச் சீன் எழுதும் ஓவியரிடம் சேர்ந்தார். பிறகு பியேர் பிரெவோ என்ற ஓவியருக்கு உதவியாளர் ஆனார். இந்த பிரெவோ உயரமான இடத்தில் நின்று ஊரைச் சுற்றிப் பார்த்து, அதை அப்படியே பெரிய வட்டத் துணியில் தீட்டிக் காட்டுவதில் பேர் போனவர். மேலே நின்று ஊரைப் பார்க்கும் பழக்கம் டாகேருக்கு அங்கேதான் வந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது.

1822-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் நாள், பூத்தோன் என்ற இன்னோர் ஓவியரோடு சேர்ந்து பாரிசில் ஒரு காட்சிசாலை திறந்தார். அதற்கு டையோராமா என்று பெயர். இருட்டான கூடம். எதிரே வீட்டை விடப் பெரிய ஓவியத்துணி. ஜன்னல் வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும், நிறத் திரைகளை இழுத்தும் விட்டால், அதே படத்தில் பகல் போய் மாலை வரும், மூடுபனி இறங்கும். ஒரு காட்சி முடிந்ததும் மக்கள் உட்கார்ந்திருக்கும் தளமே சுழன்று அடுத்த காட்சிக்குத் திரும்பும். சினிமா இல்லாத காலம் பாருங்க! ஜனங்கள் காசு கொடுத்து வரிசையில் நின்றார்கள்.

பெட்டிக்குள் விழுந்த நிழல்

இவ்வளவு பெரிய படங்களைப் பிசகில்லாமல் வரைய டாகேர் ஓர் இருட்டுப் பெட்டியைப் பயன்படுத்தினார். ஒரு பக்கம் கண்ணாடி வில்லை. எதிரே இருப்பதெல்லாம் உள்ளே சின்னதாக விழும். அதைப் பார்த்துப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்வார்கள். கோடு போடாமல் அந்த உருவமே தானாகப் பதிந்து நின்றால் என்ன? இந்தக் கேள்விதான் அவரைத் தூங்கவிடாமல் செய்தது.

இதே கேள்வியோடு இன்னொருவர் பல வருஷமாகப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். அவர் நிசேபோர் நியெப்ஸ். தம் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து 1826 அல்லது 1827-இல் அவர் எடுத்த படம்தான், இன்று நம்மிடம் மிஞ்சியிருக்கும் இயற்கைக் காட்சிப் புகைப்படங்களில் மிகப் பழையது. கூரையும் சுவரும் தெரியும், மனிதர் யாருமில்லை. எப்படி இருப்பார்கள்? அந்தப் படம் பதிய எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் பிடித்திருக்கும் என்கிறார்கள்.

1829 டிசம்பரில் இருவரும் கூட்டுச் சேர்ந்து ஒப்பந்தம் எழுதினார்கள். 1833-இல் நியெப்ஸ் காலமானார். அவர் மகன் இசிதோர் கூட்டாளியானார். டாகேர் விடாமல் உழைத்தார். வெள்ளி பூசிய செம்புத் தகட்டைக் கண்ணாடிபோலத் துலக்கி, அயோடின் ஆவியில் காட்டி, பெட்டிக்குள் வைத்து வெளிச்சம் பட விடுவார். எடுத்துப் பார்த்தால் தகட்டில் ஒன்றும் தெரியாது. ஆனால் சூடேற்றிய பாதரசத்தின் ஆவியில் பிடித்தால் உருவம் மெல்ல மெல்ல எழுந்து வரும்! இதுதான் டாகேரின் சொந்தக் கண்டுபிடிப்பு. பிறகு உப்புக் கரைசலில் கழுவினால் படம் நிலைத்து நிற்கும். மணிக்கணக்கு நிமிஷக்கணக்காகக் குறைந்துவிட்டது. (பிள்ளைகளே, பாதரச ஆவி நஞ்சு. வீட்டில் யாரும் செய்து பார்க்கக்கூடாது.)

வெறிச்சோடிய வீதியில் இருவர்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். 1838-ஆம் ஆண்டு ஒரு காலை நேரம். டையோராமாவுக்கு அருகில் தாம் குடியிருந்த இடத்தின் உயரமான ஜன்னலில் டாகேர் பெட்டியை வைத்துக் கீழே பார்த்துத் திருப்பினார். எதிரே பூல்வார் து தாம்ப்ல் என்ற அகலமான வீதி. இரண்டு பக்கமும் மரங்கள், நாடகக் கொட்டகைகள். குதிரை வண்டிகளும் ஜனங்களும் ஓயாமல் போய் வரும் இடம்.

படம் பதிய நாலைந்து நிமிஷமோ அதற்கு மேலோ ஆகியிருக்கும். தகட்டைக் கழுவிப் பார்த்தால் வீதி வெறிச்சோடிக் கிடந்தது. வண்டி இல்லை, குதிரை இல்லை, கூட்டம் இல்லை. எல்லாரும் அங்கே இருந்தார்கள். ஆனால் யாரும் ஓரிடத்தில் நிற்கவில்லை. நடந்தவர், ஓடியவர், வண்டியில் போனவர் ஒருவர்கூடத் தகட்டில் ஒட்டவில்லை.

தெளிவாகத் தெரிவது இரண்டே உருவங்கள். வீதியோரத்தில் ஒருவர் ஒரு காலைத் தூக்கி வைத்து நிற்கிறார். அவர் காலடியில் இன்னொருவர் குனிந்து சப்பாத்துத் துடைக்கிறார். புகைப்படத்தில் மனிதன் தெரியும் மிகப் பழைய படம் இதுதான் என்று பரவலாகச் சொல்கிறார்கள். அரசனும் இல்லை, தளபதியும் இல்லை. சப்பாத்துத் துடைக்கும் ஒரு தொழிலாளியும் அவரிடம் வந்தவரும்தான் உலகத்தில் முதலில் படத்துக்குள் வந்தவர்கள்!

இன்னும் உற்றுப் பாருங்கள். சும்மா நின்றவர் உருவம் நன்றாக விழுந்திருக்கிறது. வேலை செய்தவர் உருவம் கொஞ்சம் மங்கல். கை அசைந்துகொண்டே இருந்தது அல்லவா? அதனால்தான்.

இதை நம்ம ஊரில் வைத்துப் பாருங்கள். ஈப்போ லகாட் ரோட்டில் ஒரு கடையின் மாடியில் டாகேருடைய பெட்டியை வைத்தால் பஸ், மோட்டார் சைக்கிள், கார் எல்லாம் மறைந்துவிடும். உட்கார்ந்து பூக்கட்டுகிற அம்மா மட்டும் விழுவார். அவர் விரல்கள் மங்கலாக இருக்கும். அந்தக் காலத்து ரப்பர் தோட்டத்தில் வைத்தால்? பால் மரங்கள் வரிசை வரிசையாக நிற்கும், மங்குகூடத் தெரியும். விடியற்காலையில் மரத்துக்கு மரம் ஓடி வெட்டிய மனிதர் மட்டும் இருக்கமாட்டார்.

தீயும் புகழும்

1839 ஜனவரி 7-ஆம் நாள் அராகோ என்ற விஞ்ஞானி இந்தக் கண்டுபிடிப்பைப் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தில் அறிவித்தார். தந்தியைக் கண்டுபிடித்த அமெரிக்கர் சாமுவேல் மோர்ஸ் அப்போது பாரிசில் இருந்தார். அவர் டாகேரிடம் போய் அந்த வீதிப் படத்தைப் பார்த்து வியந்து, சப்பாத்துத் துடைக்கப்படும் மனிதரைப் பற்றித் தம் நாட்டுக்குக் கடிதம் எழுதினார். மறுநாள், மார்ச் 8-ஆம் நாள், டாகேர் மோர்ஸின் தந்திக் கருவியைப் பார்க்கப் போனார். அந்த நேரத்தில் டையோராமா தீப்பிடித்து எரிந்து சாம்பலானது. பதினாறு வருஷத்துக்கு மேல் கட்டிக் காத்த பிழைப்பு ஒரே நாளில் போயிற்று.

ஆனால் மனிதர் ஒடிந்துபோகவில்லை. பிரெஞ்சு அரசாங்கம் கண்டுபிடிப்பை வாங்கிக்கொண்டு, டாகேருக்கு ஆண்டுக்கு 6000 பிராங்கும், இசிதோருக்கு 4000 பிராங்கும் உதவித்தொகை கொடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் நாள் முழு முறையும் பகிரங்கமாக்கப்பட்டது. இங்கிலாந்தில் மட்டும் டாகேர் தனியாகக் காப்புரிமை எடுத்து வைத்துக்கொண்டார். வீதிப் படத்தைப் பவேரியா மன்னர் முதலாம் லுட்விக்குக்கு அனுப்பினார். அந்தத் தகடு பிற்காலத்தில் சுத்தம் செய்யப்போய்க் கெட்டுப்போனது. முன்னமே எடுத்து வைத்திருந்த நகல்களால்தான் இன்று நாம் அதைப் பார்க்கிறோம்.

நம் பக்கத்துக்கும் இந்தக் கலை சீக்கிரமே வந்துவிட்டது. மலாக்காவில் பிறந்து, சிறுவயதில் தமிழும் கற்ற முன்ஷி அப்துல்லா, அமெரிக்கக் கப்பலில் வந்த மருத்துவர் ஒருவர் எடுத்த சிங்கப்பூர் நகரத்தின் தகட்டுப் படத்தைக் கண்டு வியந்ததைத் தம் ஹிக்காயாட் அப்துல்லா நூலில் எழுதியிருக்கிறார். 1844-இல் ஜூல் இத்தியே என்ற பிரெஞ்சு அதிகாரி சிங்கப்பூர்க் குன்றின் மேலிருந்து கீழே ஆற்றங்கரையைப் படம் எடுத்தார். இங்கேயும் உயரத்திலிருந்துதான்!

டாகேர் கடைசிக் காலத்தைப் பிரி-சூர்-மார்ன் என்ற சிற்றூரில் கழித்தார். அவ்வூர்க் கோயிலுக்கு ஓர் அழகிய ஓவியம் தீட்டிக் கொடுத்தார். 1851 ஜூலை 10-ஆம் நாள் அங்கேயே காலமானார்.

பெயர் என்ன ஆயிற்று?

பெரியோர்களே, ஒரு விஷயத்தை மறைக்கக்கூடாது. 1837-இல் எழுதிய புது ஒப்பந்தத்தில், புதிய முறைக்கு டாகேரின் பெயர் மட்டுமே இருக்கவேண்டும் என்று முடிவாயிற்று. இசிதோர் வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டார். அந்தத் தகட்டுப் படத்துக்கு உலகமெங்கும் டாகேரோடைப் என்றே பெயர். 1889-இல் கட்டி முடித்த ஐபெல் கோபுரத்தில் பொறித்த 72 அறிஞர் பெயர்களில் டாகேர் இருக்கிறார், நியெப்ஸ் இல்லை. டாகேரின் உழைப்பு பொய்யில்லை. ஆனால் அவருக்கு முன்னே வழி வெட்டியவர் பெயர் பின்னே போய்விட்டது.

பெட்டிக்காரர் பெயர் நிலைத்தது. கூட்டாளி பெயர் மங்கியது. சப்பாத்துத் துடைத்தவர் பெயரோ யாருக்கும் தெரியாது. உருவம் இருக்கிறது, பெயர் இல்லை. மேலே நின்று பார்த்தவர் கீழே இறங்கிப் போய், ஐயா உம் பெயர் என்ன என்று கேட்கவில்லை. வீதியைத்தான் அவர் எடுத்தார். மனிதர் தற்செயலாக அகப்பட்டார்.

நம்ம வீட்டுப் பெட்டிகளிலும் இந்தக் கதை இருக்கிறது. 1948-இல் அவசரகாலம் வந்து அடையாளக் கார்டு கட்டாயமானபோதுதான் நம் பாட்டன் பாட்டிமாரில் பலர் முதன்முதலாகப் படத்துக்கு நின்றார்கள். பிரட்டுக் களத்தில், கோயில் திருவிழாவில், துரைக்குப் பிரியாவிடை கொடுத்தபோது எடுத்த கூட்டப் படங்களும் பல வீடுகளில் உண்டு. நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் துரை இன்னார், கிராணி இன்னார் என்று சொல்லிவிடுவார்கள். பின்வரிசையில் நிற்கிற நாற்பது பேர் யார்? கேட்டால், யாரோ நம்ம ஜனங்கதான் என்று பதில் வரும். பேராக்கில் எத்தனையோ ரப்பர் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன. லயம் போயிற்று, ஸ்டோர் போயிற்று. அந்த முகங்களைப் பார்த்ததும் பெயர் சொல்லக்கூடிய பாட்டிமாரும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். இந்தப் பள்ளி விடுமுறையில் வீட்டிலிருக்கும் பழைய படங்களை எடுங்கள். தாத்தா பாட்டியின் பக்கத்தில் உட்காருங்கள். இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொருவராக விரல் வைத்துக் கேளுங்கள்: பெயர் என்ன, எந்தத் தோட்டம், என்ன வேலை, எந்த வருஷம்? படத்தின் பின்புறம் பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும். படம் கைப்பேசியில் இருந்தால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். தெரியாத முகத்துக்கு நேரே இடம் விட்டு வையுங்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம்.

பெற்றோர்களே, இன்று எடுக்கிற படத்திலும் மேடையில் நிற்கும் பிள்ளை பெயரோடு, நாற்காலி தூக்கிப்போட்டவர், பந்தல் கட்டியவர், தேநீர் ஆற்றியவர் பெயரையும் சேர்த்து எழுதி வையுங்கள்.