கண்ணொளி காத்த அய்க்ராய்டு

அந்தி சாய்ந்ததும் குழந்தைக்குக் கண் தெரியவில்லை. எதிரே வைத்த உணவைக் கைகளால் தடவித் தேடுகிறது. நாளடைவில் வெண்விழி வறண்டு சுருங்குகிறது. அதன்மேல் நுரை போன்ற வெண்திட்டுத் தோன்றுகிறது. அப்பொழுதும் கவனியாது விட்டால் கருவிழி குழைந்து உடையும். பின்னர் எம்மருந்தாலும் பார்வை மீளாது. ஒரு காலத்தில் தென்னாட்டில் இவ்வாறு கண்ணிழந்த குழந்தைகள் பலர். இது விதியின் செயலன்று, உணவின் குறையே என்பதைக் கண்டு, அக்குறையைப் போக்க உழைத்த மருத்துவருள் ஒருவர் வாலஸ் அய்க்ராய்டு.

1899-ஆம் ஆண்டிற் பிறந்த அய்க்ராய்டு, அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரத்துத் திரினிட்டிக் கல்லூரியில் மருத்துவம் பயின்றார். இளமையில் வட அமெரிக்காவின் கீழ்க்கரையிலுள்ள நியூபவுண்டுலாந்துக்குச் சென்றார். அங்கே மீனவர் பலர் மாலைக்கண் நோயால் வருந்தினர். பகல் முழுவதும் ஒரு கண்ணைத் துணியாற் கட்டி மறைத்து வைத்தால், இரவில் அக்கண்ணுக்கு மட்டும் ஓரளவு பார்வை இருப்பதை அவர்கள் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். அதன் காரணத்தை இன்று நாம் அறிவோம். விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் நிறப்பொருள் ஒன்று உண்டு. வெளிச்சம் பட்டால் அது சிதையும். அதனை மீண்டும் ஆக்குவதற்கு உயிர்ச்சத்து ஏ இன்றியமையாதது. அம்மீனவர் குளிர்காலத்தில் வெள்ளை மாவு ரொட்டியும் தேநீரும் உப்பிட்ட இறைச்சியும் உண்டு நாள் கழித்தனர். ஆனால், அவர்கள் பிடித்த காட் மீனின் ஈரலிலேயே அந்நோய்க்கு மருந்து இருந்தது!

பின்னர் அய்க்ராய்டு ஜினீவாவில் சர்வதேச சங்கத்தின் சுகாதாரப் பிரிவிற் பணியாற்றினார். 1935-இல் சர் இராபர்ட்டு மெக்காரிசன் ஓய்வு பெறவே, குன்னூர் உணவாராய்ச்சி நிலையத்தின் தலைமை இவரிடம் வந்தது. மெக்காரிசன் எலிகளுக்குப் பல்வகை உணவுகளை ஊட்டி ஆராய்ந்து புகழ் பெற்றவர். அய்க்ராய்டோ சிற்றூர்களின் உணவை அளந்தறிவதில் மிகுந்த நாட்டங் கொண்டார். அவரும் துணைவர்களும் பள்ளிச் சிறுவரின் கண்களில் வெண்திட்டையும், தோலில் சொரசொரப்பையும், வாயோரத்தில் புண்ணையும் தேடிக் கணக்கெடுத்தனர்.

சென்னை எழும்பூரிலிருந்த அரசினர் கண் மருத்துவமனையின் தலைவர் ரைட்டு என்பார், கருவிழி குழைந்த குழந்தைகள் பலரைக் கண்டவர். மீனெண்ணெய் கொடுத்தால் பயன் விளைவது தெரிந்ததே. ஆயினும் கடல் கடந்து வரும் அவ்வெண்ணெயை ஏழைத் தாய் நாள்தோறும் வாங்க இயலுமா? ஆகவே அய்க்ராய்டும் ரைட்டும் சேர்ந்து, செம்பனையின் பழத்திலிருந்து எடுக்கும் சிவந்த எண்ணெயை நோயுற்றவர்க்குக் கொடுத்துப் பார்த்தனர். அது நற்பயன் தந்தது. அம்முடிவு 1937-இல் வெளியாயிற்று. அதன் செந்நிறத்திலேதான் உயிர்ச்சத்து ஏ ஆக மாறக்கூடிய பொருள் அடங்கியுள்ளது. இன்று நியாயவிலைக் கடையிற் கிடைக்கும் பாமாயில் அந்நிறம் நீங்கத் தூய்மை செய்யப்பட்டது. ஆதலின் இரண்டையும் ஒன்றெனக் கருதலாகாது.

அவ்வாண்டிலேயே இந்திய உணவுப் பொருள்களின் சத்துகளைப் பட்டியலிட்டு அய்க்ராய்டு ஒரு சிறு நூல் வெளியிட்டார். தவிட்டை நீக்கிய அரிசியில் உயிர்ச்சத்து ஏ இல்லை. கொல்லிமலையில் விளையும் சாமை, தினை, கேழ்வரகு ஆகியவை வேறு வகையில் வலிமை தருவனவேனும், கண்ணுக்கு வேண்டிய இச்சத்தைப் போதிய அளவு தருவனவல்ல. வேலியோரத்து முருங்கைக் கீரையும் பழுத்த பப்பாளியும் அதனைத் தருகின்றன. விலையுயர்ந்த பொருளே சத்துடையது என்னும் எண்ணத்தை இத்தகைய கணக்குகள் அசைத்தன.

அய்க்ராய்டு குன்னூரில் பத்தாண்டு பணியாற்றினார். வங்காளப் பஞ்சத்தை ஆராய அமைத்த குழுவிலும் உறுப்பினராக இருந்தார். பிறகு 1960 வரை ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை நிறுவனத்தில் ஊட்டவுணவுப் பிரிவை நடத்தினார், 1979-இல் காலமானார்.

குன்னூர் நிலையம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாறியது. குழந்தையின் ஈரல் இச்சத்தைப் பல மாதங்களுக்குச் சேமித்து வைக்க வல்லது. ஆகவே ஆறு திங்களுக்கு ஒருமுறை பேரளவாகக் கொடுத்தாற் போதும் என்பதை அங்குள்ள அறிஞர்கள் ஆய்ந்து காட்டினர். 1970-இல் அது நாட்டுத் திட்டமாயிற்று. இன்று ஒன்பதாம் மாதத்தில் ஒரு லட்சம் அலகும், அதன்பின் ஐந்து வயது வரை ஆறு மாதத்திற்கொரு முறை இரண்டு லட்சம் அலகும் வாய்வழியே புகட்டப்படுகின்றன. எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து செல்ல வேண்டிய கொல்லிமலைச் சிற்றூர்க் குழந்தைகளுக்கும் அம்மருந்து உரியதே.