காற்றைக் கணக்கிட்ட கேரியர்

குளிர்சாதனம் என்றதும் நம் நினைவுக்கு வரவேண்டிய பெயர் வில்லிஸ் கேரியர். 1876இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்த அவர், 1901இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றார். மறு ஆண்டே புரூக்ளின் அச்சகமொன்றின் சிக்கல் அவரிடம் வந்தது. காற்றின் ஈரப்பதம் மாறுந்தோறும் தாள் விரிந்தும் சுருங்கியும் போனதால், வண்ணங்கள் ஒன்றன்மீதொன்று பொருந்தவில்லை. கேரியர் முதலில் வானிலைத் துறையின் வெப்ப, ஈரப்பத அட்டவணைகளை ஆராய்ந்தார். நீக்கவேண்டிய ஈரத்தின் அளவைக் கணக்கிட்ட பின்னரே கருவியை வடிவமைத்தார். 1911இல் அக்கணக்கைச் சூத்திரங்களாக்கி வெளியிட்டார். 1915இல் நண்பர் அறுவருடன் நிறுவனம் தொடங்கினார், 1950இல் மறைந்தார்.

பொருளியல் பயிற்றுவித்த எனக்கு அவர் வாழ்க்கை ஒரு சிக்கனப் பாடம். எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் விராலிமலையின் கோடை நண்பகல் காற்று வறண்டது. மணமேல்குடிக் கடற்கரைக் காற்றோ ஈரம் மிகுந்தது. நீரை ஆவியாக்கிக் குளிரூட்டும் ஏர்கூலர் முன்னதில் குறைந்த மின்சாரத்தில் பயன் தரும். பின்னதில் புழுக்கத்தையே கூட்டும். அங்கே ஈரத்தை நீக்கும் ஏசி வேண்டும். இரண்டு ஊர் மருத்துவமனைகளுக்கும் ஒரே கருவியை வாங்கினால், ஓரிடத்தில் மின்கட்டணம் வீணாகும்; அல்லது மற்றோரிடத்தில் நோயாளி புழுங்குவார். எனவே, ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே அந்தந்த ஊரின் வெப்ப, ஈரப்பதப் பதிவுகளை இணைப்பதை அரசு கட்டாயமாக்க வேண்டும்.