சிலந்தி மனிதன் ஆறுமுகம்



பரிசளிப்பு விழா மலர் என்றால் காந்தியடிகள், பாரதியார், திரு.வி.க. என்று எழுதுவது வழக்கம். இந்த முறை ஒரு கோல்கீப்பரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் ஆர். ஆறுமுகம். தோட்டத்துத் திடலில் வெறுங்காலோடு பந்து உதைத்த உங்கள் தாத்தாமார்களைக் கேட்டுப் பாருங்கள். பெயரைச் சொன்னதுமே நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

1953ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள், சிலாங்கூர் மாநிலத்தில் கிள்ளான் வட்டாரத்தில் பிறந்தவர். கைகள் இரண்டும் நீளமோ நீளம். கம்பத்துக்குக் கம்பம் தாவிப் பந்தைப் பிடிப்பதைப் பார்த்து ரசிகர்கள் 'ஸ்பைடர்மேன்', அதாவது சிலந்தி மனிதன் என்று பட்டம் சூட்டினார்கள். அந்தப் பட்டம் கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

சிலாங்கூர் குழு அந்நாளில் பெரிய குழு. மலாய்க்காரர் மொக்தார் டஹாரி, சீனர் சோ சின் ஆன், பஞ்சாபியர் சந்தோக் சிங், பின்னால் கோலுக்கு முன்னே நம்ம ஆறுமுகம். 1975, 1976, 1978, 1979 ஆகிய நான்கு ஆண்டுகளும் மலேசியக் கிண்ணம் சிலாங்கூருக்கே. நாட்டுக்காக ஏறக்குறைய 200 ஆட்டங்கள் ஆடினார் என்பார்கள். 1977இலும் 1979இலும் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் மலேசியா தங்கம் வென்றது.

கோல்கீப்பர் வேலை ஒரு பொல்லாத வேலை, பாருங்க. முன்னால் ஆடுகிறவன் பத்து தடவை கோட்டை விட்டாலும் ஒரு கோல் போட்டால் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். கோல்கீப்பர் பத்துப் பந்தைப் பிடித்து ஒன்றை விட்டால் திடலே திட்டும். இந்த வேலையைத்தான் அவர் ஆண்டுக்கணக்கில் நாட்டுக்காகச் செய்தார்.

இனி அந்த நாளுக்கு வருவோம். 1980 ஏப்ரல் 6. கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கம் நிரம்பி வழிகிறது. எதிரே தென்கொரியா. வென்றால் மாஸ்கோ ஒலிம்பிக். ஆட்டம் 1-1 என்று நிற்கிறது. கொரியர்கள் விடாமல் நெருக்குகிறார்கள். அப்போது ஹசான் சானி தள்ளிய பந்தை ஜேம்ஸ் வோங் கோலாக்கினார். 2-1! நாடே கொண்டாடியது.

ஆனால் நம்மவர்கள் மாஸ்கோ போகவில்லை. சோவியத் படை ஆப்கானிஸ்தானில் நுழைந்ததைக் கண்டித்து அமெரிக்கா முதலான பல நாடுகள் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. மலேசியாவும் அதில் சேர்ந்தது. நம் இடத்தில் ஈராக் போய் ஆடியது. அரசாங்கத்தின் நியாயம் அரசாங்கத்துக்கு. ஆனால், வியர்வை சிந்தி ஜெயித்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்? ஒருநாள் முழுக்க வெட்டிய பாலை மழை அடித்துக்கொண்டு போனால் என்ன பாடு என்று தோட்டத்தில் உழைத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவருக்கு அப்போது வயது 27. இன்னொரு ஒலிம்பிக் வாய்ப்பு அவருக்கு வரவில்லை. நாட்டின் காற்பந்துக் குழுவுக்கும் அதன் பிறகு இன்றுவரை கிடைக்கவில்லை.

அதற்காக அவர் கையுறையைக் கழற்றி வைத்துவிடவில்லை. மேலும் பல ஆண்டுகள் நாட்டின் சட்டையைப் போட்டு ஆடினார்.

1988 டிசம்பர் 18ஆம் நாள் சாலை விபத்து ஒன்றில் ஆறுமுகம் காலமானார். வயது 35தான்.

2016இல் 'ஓலா போலா' என்ற மலேசியப் படம் வெளிவந்தது. 1980ஆம் ஆண்டுக் குழுவை மனத்தில் வைத்து எடுத்த கதை. அதில் கோல்கீப்பராக வரும் முத்து என்ற தமிழ்ப் பையனைப் பார்த்ததும், வயசானவங்க எல்லாரும் இது நம்ம ஆறுமுகம்தானே என்றார்கள்.