நேட்டால் வீரர் பாப்வா ஸெவ்கோலம்

விளையாட்டு வேறு, ராஜீய விஷயம் வேறு. ஒன்றை மற்றொன்றுடன் கலத்தலாகாது என்று சொல்லுவோர் எக்காலத்திலும் உண்டு. அவர்களுக்கு நீண்ட வாதங்களால் பதில் கூற வேண்டுவதில்லை. தென்னாப்பிரிக்காவில், நேட்டால் மாகாணத்து டர்பன் நகரில் வாழ்ந்து 1978-ல் காலமான பாப்வா ஸெவ்கோலம் என்னும் இந்திய வம்சத்தவரின் சரித்திரத்தை எடுத்துரைத்தாலே போதுமானது. அவர் மேடையேறிப் பிரசங்கம் செய்தவரல்லர், கட்சி நடத்தியவருமல்லர். எழுதப் படிக்கவும் அறியாதவர். கோல்ப் என்னும் பந்தாட்டத்தில் கைதேர்ந்தவர் என்பதே அவருடைய பெருமை. ஆயினும் ஒரு சர்க்காரின் அநீதியை உலகத்தாரின் கண்முன் கொண்டுவந்து நிறுத்தும்படி காலம் அவரை ஆக்கிற்று.

நேட்டாலில் இந்தியர் குடியேறிய விதத்தைத் திருவந்திபுரம், கடலூர், சிதம்பரம் பகுதிகளிலுள்ள வாசகர்களுக்கு நாம் விரிவாக எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சென்னையிலிருந்து சென்ற ட்ரூரோ என்னும் கப்பல், 1860-ம் வருஷம் நவம்பர் மாதம் 16-ந் தேதி டர்பன் துறைமுகத்தை அடைந்து, முதல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கிற்று. அன்று முதல் 1911 வரையில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட நம் ஜனங்கள் அங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு போகப்பட்டனர். கெடில நதி பாயும் பழைய தென்னார்க்காடு ஜில்லாவும் அவ்வாறு ஆள் அனுப்பிய ஜில்லாக்களில் ஒன்று. ஸெவ்சங்கர் ஸெவ்கோலம் என்ற முழுப் பெயரைக் கொண்டு பார்த்தால், பாப்வா வட இந்தியக் குடும்பத்தில் வந்தவர் என்றே தோன்றும். சிவசங்கர் என்னும் நாமமே அங்கு அவ்வாறு திரிந்தது. ஆனால் நேட்டாலில் தமிழர் என்றும் வடநாட்டார் என்றும் வெள்ளையர் பேதம் பாராட்டவில்லை. எல்லோருக்கும் பெயர் கூலி. எல்லோருக்கும் அடைக்கப்பட்ட கதவும் ஒன்றே.

கோல்ப் ஆட்டம் செல்வர்களின் ஆட்டமாகவே நெடுங்காலம் இருந்து வந்தது. பல ஏக்கர் விஸ்தீரணமுள்ள புல்வெளியில் 18 குழிகள் அமைத்து, சிறு பந்தை மட்டைகளால் அடித்து, யார் குறைந்த அடிகளில் குழிகளில் சேர்க்கிறாரோ அவரே வென்றவர் என்று கணக்கிடுவர். கல்கத்தாவில் 1829-லேயே ஆங்கிலேயர் இதற்கென ஒரு கிளப் ஏற்படுத்தினர். கிண்டியிலும் உதகமண்டலத்திலும் கொடைக்கானலிலும் அவர்கள் அமைத்த மைதானங்கள் நம்மவர் அறிந்தவையே. அங்கெல்லாம் இந்தியருக்கு வெகுகாலம் கிடைத்த ஸ்தானம், துரைமாரின் மட்டைப் பையைச் சுமந்து பின்னே நடக்கும் ஸ்தானம்தான்.

டர்பனில் பாப்வாவுக்கும் அந்த ஸ்தானமே வாய்த்தது. ஏழைக் குடும்பம், தாயாரோ கண் பார்வையற்றவர். சிறுவன் பீச்வுட் என்னும் மைதானத்தில் பை சுமந்து கூலி பெற்றான். துரைமார் ஆடுவதைப் பார்த்துப் பார்த்து, மரக்கிளையையே மட்டையாகக் கொண்டு தானும் பழகினான். ஆசிரியர் எவரும் இல்லாமையால் மட்டையைப் பிடிக்கும் முறையைக்கூடத் தானே கண்டுகொண்டான். வலக்கைக்காரர் யாவரும் இடக்கையை மேலும் வலக்கையைக் கீழும் வைத்துப் பிடிப்பர். பாப்வாவின் பிடி இதற்கு நேர்மாறானது. வலக்கை மேலே, இடக்கை கீழே. சாஸ்திரம் கற்றவர்கள் இம்முறையில் பந்து ஒழுங்காகச் செல்லாது என்பார்கள். பாப்வாவின் பந்து சென்றது. வெள்ளையரல்லாதாருக்கெனத் தனியே நடந்த போட்டிகளில் அவர் மீண்டும் மீண்டும் முதல்வராக வந்தார். ஆனால் வெள்ளையருக்குரிய மைதானங்களில் அவர் மட்டையைச் சுமக்கலாமேயன்றி, அதைக் கொண்டு போட்டியில் ஆடுதல் கூடாது என்பது நாட்டின் வழக்கமாயிருந்தது.

கிரஹாம் வுல்ப் என்ற வெள்ளை வியாபாரி ஒருவர் அவருடைய திறமையை அறிந்து, 1959-ல் அவரை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். அவ்வருஷமே ஹாலந்து தேசத்தின் ஓப்பன் பந்தயத்தில் பாப்வா வெற்றி பெற்றார். 1960-லும் 1964-லும் மறுபடியும் அதே பந்தயத்தை வென்றார். இதில் ஒரு விசித்திரத்தை நாம் கவனிக்க வேண்டும். 1652-ல் ஹாலந்திலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குச் சென்று குடியேறியவர்களின் சந்ததியாரே அங்கு நிறபேதச் சட்டங்களை இயற்றி ஆண்டவர்களில் பெரும்பான்மையோர். அவர்களுடைய மூதாதையரின் நாட்டில் பாப்வாவுக்கு மும்முறை மாலை சூட்டினார்கள். அவர் பிறந்த நாட்டிலோ கிளப் வாசற்படியை மிதிக்கவும் அவருக்கு உரிமையில்லை.

1963-ல் டர்பன் கன்ட்ரி கிளப் மைதானத்தில் நடந்த நேட்டால் ஓப்பன் போட்டியில் ஆட அவருக்கு அனுமதி கிடைத்தது. வெள்ளை ஆட்டக்காரர்கள் அனைவரையும் வென்று அவர் முதலாவதாக வந்தார். பரிசளிக்கும் வேளையில் மழை பெய்தது. வெள்ளையர் கட்டிடத்துக்குள் இருந்தனர். இந்தியர் உள்ளே வரலாகாதென்ற காரணத்தால், வென்றவர் வெளியே மழையில் நனைந்துகொண்டு கோப்பையைப் பெற்றார். அக்காட்சியின் புகைப்படம் பல தேசத்துப் பத்திரிகைகளிலும் வெளிவந்தது. நிறபேதத்தின் கொடுமையை விளக்க அதுவரையில் எழுதப்பட்ட நூல்கள் அநேகம். அந்த ஒரு படமோ எழுத்தறியாதாருக்கும் விஷயத்தை விளக்கிவிட்டது.

1965-ல் அதே நேட்டால் ஓப்பனை அவர் மீண்டும் வென்றார். இம்முறை அவருக்குப் பின்தங்கியவர் காரி பிளேயர். அதே வருஷத்தில் அமெரிக்க ஓப்பனையும் கைப்பற்றி, உலகின் நான்கு பெரும் போட்டிகளையும் வென்றவர் என்ற கீர்த்தியை அடைந்தவர் அவர். அப்பேர்ப்பட்டவரை மைதானத்துப் பை சுமந்த இந்தியர் வென்றது சர்க்காருக்குப் பொறுக்கவில்லை. பெரிய போட்டிகளில் பாப்வா சேரலாகாதென்று தடை விதித்தனர். வெளிநாடு சென்று பிழைக்கவும் இடமின்றி அவருடைய பாஸ்போர்ட்டையும் பறித்தனர். கோல்ப் ஆட்டத்தில் ஐம்பது வயதிலும் திறமை குன்றாமல் ஆடுவோர் பலர். பாப்வாவுக்கோ நடுவயதிலேயே மைதானம் மூடப்பட்டது. வறுமையில் உழன்று, ஐம்பது வயது நிறையுமுன்னரே இருதய நோயால் அவர் மாண்டார்.

விளையாட்டில் ராஜீயத்தைப் புகுத்தியவர் யார் என்று இப்பொழுது நாம் கேட்கிறோம். பந்தை அடித்த பாப்வாவா, கதவை அடைத்த சர்க்காரா? தென்னாப்பிரிக்காவை டோக்கியோ ஒலிம்பிக் பந்தயத்திலிருந்து 1964-ல் விலக்கியபோதும், 1970-ல் ஒலிம்பிக் சங்கத்திலிருந்தே நீக்கியபோதும், விளையாட்டின் பரிசுத்தம் கெடுகிறதென்று பலர் வருந்தினர். மழையில் ஒரு வீரரை நிறுத்தியபோது கெடாத பரிசுத்தம் அப்பொழுது கெட்டுவிட்டது போலும்! 1946-லேயே அந்நாட்டுடன் வியாபாரத்தை நிறுத்திய நம் தேசத்தாருக்கு இவ்விஷயத்தில் ஐயம் இருந்ததில்லை.

ஆனால் பிறரைக் குறை கூறுவதோடு நாம் நின்றுவிடலாகாது. தில்லையின் எல்லையில் நின்று, உள்ளே புக அஞ்சி ஏங்கிய திருநாளைப்போவாரின் சரித்திரம் நம்முடையது. அவர் தீயில் மூழ்கி எழுந்த பின்பே கோயில் திறந்தது என்று புராணம் சொல்லும். சென்னை மாகாணத்தில் எல்லா ஆலயங்களையும் திறந்துவிடும் பிரவேசச் சட்டம் வந்ததோ 1947-ல்தான். சட்டத்தால் கதவு திறக்கும். வாசலில் நிற்பவனை உள்ளே வாவென்று மனமுவந்து அழைப்பது சட்டத்தால் ஆகாது, ஜனங்களால் ஆக வேண்டும்.

நம் நாட்டு மைதானங்களிலும் மாறுதல் ஏற்பட்டிருக்கிறது. பாப்வா காரி பிளேயரை வென்ற அதே 1965-ல், கூலி பெறாது ஆடும் அமெச்சூர் வீரரான பில்லு சேத்தி, இந்திய ஓப்பன் போட்டியை வென்ற முதல் இந்தியரானார். பின்னர் 1991-ல் அலி ஷேரும் 2009-ல் முனியப்பாவும் அதே கோப்பையை வென்றனர். இவ்விருவரும் இளமையில் மைதானத்தில் பை சுமந்தவர்கள். நிறபேத ஆட்சி ஒழிந்த தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரசபையின் மைதானம் ஒன்று பாப்வாவின் பெயரைத் தாங்கியிருக்கிறது. இறந்தவருக்குப் பெயர் சூட்டுதல் நன்றே. உயிரோடிருக்கையில் உள்ளே விட்டிருந்தால் அதனினும் நன்று. இன்றைக்கும் எந்த ஊரில், எந்த வாசலில், எவன் பை சுமந்து வெளியே நிற்கிறான் என்று பார்ப்பதே தேசத்தொண்டர்கள் பாப்வாவுக்குச் செய்யும் மரியாதையாகும்.