வாந்திபேதியின் நஞ்சைக் கண்ட சம்புநாதர்

முத்துச் சலாபம் என்றவுடன் நம் தூத்துக்குடிக் கரையார்க்கு முத்தும் சிப்பியும் தோணியும் நினைவிற்கு வருதல் இயல்பே. ஆயின், நம் முன்னோர்க்கு அச்சொல்லோடு ஓர் அச்சமும் உடன் எழுந்தது. சலாபங் கூடுங்கால் மன்னார்க் குடாக்கடலின் இரு கரையிலும் குளிப்போரும் தோணிக்காரரும் வணிகரும் பல்லாயிரவராய் மணற்பரப்பிற் கொட்டகையிட்டுத் தங்குவர், குடிநீர் கெடும், வாந்திபேதி தோன்றும். காலையில் நலமுடன் கடலுட் பாய்ந்தவன் மறுநாட் காலையிற் பிணமாய்க் கிடந்த நாளும் உண்டு. தூத்துக்குடிச் சலாபம் 1961-ஆம் ஆண்டோடு நின்றது. அந்நோய் உயிரைக் கவரும் வகையை ஐயமறக் காட்டிய பெரியாரை நம்மவருள் அறிந்தார் மிகச் சிலர். அவரே வங்கநாட்டுச் சம்புநாத் தே என்பவர்.

அவர் 1915-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள் ஹூக்ளி ஜில்லாவிலே ஒரு சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் சிறு வாணிகத்தாற் குடும்பம் தாங்கியவர், செல்வர் அல்லர். அக்குடும்பத்திற் கல்வியின் அருமை உணர்ந்தவர் தந்தையின் உடன்பிறந்தாராகிய ஆசுதோஷர். அவர் கொடுத்த ஊக்கமே பிள்ளையைக் கல்லூரிவரை கொண்டு சென்றது. சம்புநாதர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியிற் பயின்று 1939-இல் மருத்துவப் பட்டம் பெற்றார்; பின்னர் இலண்டன் சென்று, 1949-இல் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று மீண்டார். அங்கே அவர் ஆராய்ந்தது வேறு பொருள். தாய்நாடு திரும்பியபின் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது கல்கத்தா மருத்துவமனைகளை ஆண்டுதோறும் நிரப்பிய வாந்திபேதியே.

இந்நோயின் கிருமி புதிதன்று. ஜெர்மானியராகிய இராபர்ட் காக் என்பார் கல்கத்தாவிற்கே வந்து, காற்புள்ளி போல் வளைந்த அக்கிருமியை நோயாளர் குடலிலும் குளத்து நீரிலும் 1884-இற் கண்டார். அக்கிருமி ஒரு நஞ்சினை உண்டாக்குதல் வேண்டும் என்றும் அவர் கருதினார். ஆயினும், பின்வந்தோர் அந்நஞ்சைத் தேடித் தேடிக் காணாதொழிந்தனர். அவருட் பலர் கிருமியை விலங்குகளின் தோலின் கீழும் வயிற்றறையினுள்ளும் செலுத்தி நோக்கினர். நோயோ குடலின் அகத்தே நிகழ்வது. இடம் மாறித் தேடுவார்க்குப் பொருள் எங்ஙனம் கிட்டும்?

சம்புநாதர் நோய் நிகழும் இடத்திலேயே நோயைத் தேடினார். முயலின் சிறுகுடலில் ஒரு சிறு பகுதியை இருபுறமும் நூலாற் கட்டி, அதனுட் கிருமியைச் செலுத்தினார். மறுநாள் அப்பகுதி நீர் நிறைந்து வீங்கியிருந்தது. அந்நீர், நோயாளர் கழிக்கும் அரிசி கழுநீர் போன்ற நீரையே ஒத்தது. இம்முறையை 1953-இல் வெளியிட்டார். பின்னர்க் கிருமிகளை முற்றும் வடித்து நீக்கி, அவை வளர்ந்த நீரை மட்டும் அவ்வாறே செலுத்தினார். அப்பொழுதும் குடலில் நீர் சுரந்தது. கிருமியன்று, கிருமி கக்கும் நஞ்சே உடலின் நீரையும் உப்பையும் குடலினுள் இழுத்துக் கொட்டுகின்றது என்பது இதனால் வெளியாயிற்று. 'நேச்சர்' என்னும் இதழில் இது வெளிவந்த ஆண்டு 1959. காக் கருதியதற்கும் இதற்கும் இடையே எழுபத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன!

இம்முறை பிற கிருமிகளைத் தேர்தற்கும் உரைகல்லாயிற்று. எல்லார் குடலிலும் தீங்கின்றி வாழும் ஈ. கோலை என்னும் கிருமியினத்துள்ளும் சில வகை பேதியை விளைப்பன என்பதை 1956-இலேயே அவர் இம்முறையாற் காட்டினார். உருவத்தால் ஒன்றாய்த் தோன்றும் கிருமிகளுள் நல்லது இது, தீயது இது எனச் செயலால் அறியும் வழி இங்ஙனம் பிறந்தது. 1969-இல் அமெரிக்க அறிஞர் அந்நஞ்சினைத் தூயதாய்ப் பிரித்தெடுத்தனர்.

இத்துணை செய்தும் நம் நாட்டு அறிவியற் கழகங்கள் எவையும் அவரை உறுப்பினராக்கிற்றில. 1973-இல் அவர் பணியினின்று ஓய்வு பெற்றார். 1978-இல் ஸ்டாக்ஹோமில் வாந்திபேதி பற்றி நிகழ்ந்த நோபெல் கருத்தரங்கிற்கு அழைக்கப்பெற்றார். நோபெல் பரிசு பெற்ற அமெரிக்க அறிஞர் ஜோஷுவா லெடர்பெர்க் அப்பரிசிற்கு இவர் பெயரை முன்மொழிந்தார், பரிசு கிட்டவில்லை. 1985-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் சம்புநாதர் உலக வாழ்வை நீத்தார். அவர் பெருமையை விரித்துரைக்க நம் நாட்டு அறிவியல் இதழொன்று தனிமலர் வெளியிட்டது 1990-இலே தான்.

சங்கத்து அன்பர்களே! புகழ் தாமதித்து வந்ததற்கு நாம் வருந்துதல் தகும். ஆயின் அதனினும் நினைக்கத் தக்கது ஒன்று உண்டு. கல்கத்தாவில் உயர்ந்த கருவிகள் இல்லை. முயலும் நூலும் வடிகட்டியும் கூர்த்த மதியுமே இருந்தன. அம்மதியைக் கல்வியின்பாற் செலுத்தியவரோ ஓர் உறவினர். நம் குடும்பங்களிலும் படிப்பில் ஆர்வமுடைய ஏழைச் சிறுவரும் சிறுமியரும் உளர். அவர்க்கு ஆசுதோஷராய் நிற்பார் யார்?