வில்லனும் சாமி கும்பிடுவான்!

படக்கதை என்றால் உங்களுக்குக் கொள்ளை ஆசைதானே? அதில் வரும் வீரனும் வில்லனும் சாமி கும்பிடுவார்களா என்று என்றைக்காவது யோசித்தது உண்டா? நம் நாட்டுப் படக்கதைகளில் இருவருமே கும்பிடுவார்கள்! அப்படிப்பட்ட கதைகளை நமக்குத் தந்தவர் அனந்த் பை.

1929-ம் ஆண்டு செப்டம்பர் 17-ந் தேதி கர்நாடகத்தில் உள்ள கார்கலாவில் பிறந்தார். இரண்டு வயதிலேயே தாய், தந்தை இருவரையும் இழந்தார். 12 வயதில் மும்பைக்குச் சென்று படித்தார். வேதியியல் தொழில்நுட்பம் கற்றாலும், அவர் மனம் புத்தகங்களையே நாடியது.

'டைம்ஸ் ஆப் இந்தியா' நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கிருந்து 1964-ல் 'இந்திரஜால் காமிக்ஸ்' வெளிவந்தது. அதன் நாயகன், காட்டில் வாழும் முகமூடி வீரன். வெளிநாட்டு மூலக்கதையில் அவனுடைய எதிரிகள் 'சிங்' என்ற கடற்கொள்ளையர்கள். சீக்கியர்கள் பலருக்கும் இருக்கும் பெயர் அது. கொள்ளைக்காரனுக்கு அந்தப் பெயர் வைத்தால் படிப்பவர் மனம் புண்படும் அல்லவா? இந்தியப் பதிப்பில் அது 'சிங்கா' ஆனது.

1967-ல் டில்லியில், ஒரு கடையில் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சியில் வினாடி வினா பார்த்தார். கிரேக்கப் புராணக் கேள்விகளுக்குப் பளிச்சென்று பதில் சொன்னவர்கள், ராமனின் தாய் யார் என்றதும் விழித்தார்கள். உங்களுக்குத் தெரியும்தானே? கோசலை!

அனந்த் பை வேலையை விட்டார். 'இந்தியா புக் ஹவுஸ்' பதிப்பகம் கைகொடுக்க, 'அமர் சித்திர கதா' பிறந்தது. புராணக் கதைகளுடன் புத்தர், மகாவீரர், குருநானக், இயேசு ஆகியோரின் வாழ்க்கையும் படக்கதையாக வந்தன.

இந்தக் கதைகளின் வில்லன்களைப் பாருங்கள். ராவணன் பெரிய சிவபக்தன். இரணியன் கடுந்தவம் செய்து பிரம்மனிடம் வரம் வாங்கியவன். பக்தி இருந்தும் ஏன் வீழ்ந்தார்கள்? ஒருவன் பிறர் மனைவியைக் கவர்ந்தான். இன்னொருவன் பெற்ற மகனையே கொல்லத் துணிந்தான். அதே அசுர குலத்தில்தான் பிரகலாதனும் பிறந்தான். ராவணனின் தம்பிதான் விபீஷணன். ஆகவே பிறப்பை வைத்தும் நல்லவர், கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது.

இந்தப் புத்தகங்களிலும் ஒரு குறை உண்டு. அசுரர்களைக் கறுப்பாகவும் தேவர்களைச் சிவப்பாகவும் வரைந்ததைப் பலர் கண்டித்திருக்கிறார்கள். நிறத்துக்கும் குணத்துக்கும் என்ன சம்பந்தம்? படம் பார்க்கும்போது இதை மறக்காதீர்கள்.

1980-ல் 'டிங்கிள்' இதழைத் தொடங்கினார். நம் தமிழ்நாட்டுச் சுப்பாண்டி அதில்தான் நாடெங்கும் புகழ் பெற்றான். பிள்ளைகள் அனந்த் பையை 'அங்கிள் பை' என்று அன்போடு அழைத்தார்கள். 2011 பிப்ரவரி 24-ந் தேதி மும்பையில் காலமானார்.

நம் தர்மபுரி மாவட்டத்துக் கிராமங்களில் பாரதக் கூத்து பார்ப்பீர்கள். படக்கதையும் படிப்பீர்கள். இனி ஒன்றைக் கவனியுங்கள். வீரன் யாரைக் கும்பிடுகிறான் என்பதோடு நிறுத்தாதீர்கள். கும்பிட்ட கையால் என்ன செய்கிறான் என்றும் பாருங்கள்!