கனவுக்குள் விழித்திருந்தவர்

உறக்கத்திலிருந்து எழுந்துவிட்டதாக உறக்கத்திலேயே நம்புவதைப் பொய் விழிப்பு என்பர். காலையில் எழுந்து, பல் துலக்கி, சீருடை அணிந்து, பள்ளிப் பேருந்துக்காகக் காத்து நிற்பதாகக் கனவு வரும். கண்ணைத் திறந்து பார்த்தால் உடல் இன்னும் படுக்கையில்தான் கிடக்கும். பலருக்கும் நேரும் இந்த அனுபவத்தைச் சிரித்துவிட்டு மறந்துவிடுவதே வழக்கம். அதை மறக்காமல் குறித்து வைத்து ஆராய்ந்தவர்களுள் முக்கியமானவர் நெதர்லாந்து நாட்டு மருத்துவரும் எழுத்தாளருமான ஃபிரெடரிக் வான் ஈடன்.

வான் ஈடன் 1860ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் ஹார்லெம் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை தாவரவியல் அறிஞர். டச்சுக்காரர்கள் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகளின் விளைபொருள்களைக் காட்சிக்கு வைத்த அருங்காட்சியகம் ஒன்றையும் அவர் நடத்தி வந்தார். ஒவ்வொரு பொருளையும் உற்றுநோக்கிக் குறிப்பெடுக்கும் சூழலில் மகன் வளர்ந்தார். ஆம்ஸ்டர்டாமில் மருத்துவம் பயின்று 1886இல் முனைவர் பட்டம் பெற்றார். மறு ஆண்டே மற்றொரு மருத்துவருடன் சேர்ந்து, மனநோயாளிகளுக்கான சிகிச்சை நிலையத்தை அந்நகரில் தொடங்கினார். இதற்கிடையே ‘சின்ன யோஹன்னஸ்’ என்னும் கதையை எழுதி நாடறிந்த எழுத்தாளராகவும் ஆனார்.

மனத்தின் போக்கை அறிய விரும்பிய அவர், 1896ஆம் ஆண்டு முதல் தம் கனவுகளை நாட்குறிப்பில் எழுதத் தொடங்கினார். 1897ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு புதிய அனுபவம் கிட்டியது. இலையுதிர்ந்த மரங்களுக்கிடையே தாம் மிதந்து செல்வதாக அவர் கனவு கண்டார். தாம் நகர நகர, கிளைகளின் தோற்றமும் நனவில் மாறுவதுபோலவே மாறுவதைக் கவனித்து, அதைப் பற்றி உறக்கத்திலேயே சிந்தித்தார். காண்பது கனவே என்று கனவுக்குள்ளேயே அறியும் இந்த நிலையைப் பின்னாளில் தெளிவுக் கனவு என்று அழைத்தார். ஆங்கிலத்தில் அச்சொல்லை வழக்கிற்குக் கொண்டுவந்தவர் அவரே எனக் கருதப்படுகிறது.

1898 முதல் 1912 வரை அவர் இத்தகைய 352 கனவுகளைப் பதிவு செய்தார். அவை அனைத்தும் விடியற்காலை 5 மணிக்கும் 8 மணிக்கும் இடையே வந்தவை. செண்டாயான் போன்ற நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பால்மரம் சீவுவோர் பெரட்டுக்குப் போய், நிரையில் இறங்கி வேலை செய்துகொண்டிருந்த வேளை அது. உறக்கத்தின் பிற்பகுதியில்தான் கனவு மிகுந்த உறக்கம் நீள்கிறது என்பதை இன்றைய ஆய்வாளர்களும் உறுதிப்படுத்துகின்றனர்.

கனவு என்று தெரிந்ததும் வான் ஈடன் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கவில்லை, சோதனையில் இறங்கினார். 1904ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் வந்த கனவில், மேசைமீது இருந்த கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை முழு வலிமையுடன் குத்தினார். நனவில் அப்படிச் செய்தால் கை என்னாகும் என்றும் அப்போதே எண்ணிக்கொண்டார். கிண்ணம் உடையவில்லை. சற்று நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது அது உடைந்து கிடந்தது. மேடைக்கு வரவேண்டிய நேரத்தைத் தவறவிட்ட நடிகரைப்போல, உடைவது சற்றுத் தாமதமாக நிகழ்ந்ததாக அவர் எழுதினார். கனவுலகம் நனவுலகைத் திறமையாகப் பின்பற்றினாலும், சிறு தவறுகளால் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது என்பது அவருக்குப் புரிந்தது.

எல்லாச் சோதனைகளும் இவ்வளவு எளிதாக விடை தரவில்லை. ஒரு கனவில் அவர் விரலை எச்சிலால் நனைத்து, இடது உள்ளங்கையில் சிலுவைக் குறி ஒன்றை வரைந்தார். விழித்த பின்னும் அந்த ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் திட்டம். பிறகு விழித்தார். உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார், ஈரம் இருந்தது. வேறொருவர் என்றால் அந்த இடத்திலேயே வியந்து, கனவில் வரைந்தது நனவிலும் நிற்கிறது என்று முடிவு கட்டியிருப்பார். ஆனால் அந்த விழிப்பும் கனவே. நெடுநேரம் கழித்து அவர் உண்மையாகவே விழித்தபோது, அவருடைய கை மூடியபடியே மார்பின்மேல் அசையாமல் கிடந்தது. சோதனையைச் சரிபார்த்ததும் கனவில்தான் நடந்தது என்பதை அவர் மறைக்காமல் எழுதி வைத்தார்.

பொய் விழிப்பை அவர் தனி வகைக் கனவாகவே பிரித்து வைத்தார். அதில் வழக்கமாகப் படுக்கும் அறையிலேயே விழித்ததாகத் தோன்றும். சற்று நேரத்தில் ஏதோ ஒன்று சரியில்லை என்ற உணர்வு எழும். காரணமில்லாத ஓசைகள் கேட்கும்; பொருள்கள் தாமாக அசையும். முதன்முறை இது நேர்ந்தபோது அவரும் அஞ்சி, உண்மையாக விழிக்கத் துடித்தார். இது இன்னும் உறக்கமே என்று உணர்ந்து கொள்வதே அந்த அச்சத்திலிருந்து வெளிவரும் முதல் படி என்பதைப் பின்னர் அனுபவத்தால் கற்றார்.

நனவு வாழ்விலும் அவருக்கு ஒரு பெருங்கனவு இருந்தது. உழைப்பையும் உடைமையையும் அனைவரும் பகிர்ந்துகொள்ளும் குடியிருப்பாக, 1898இல் பூசும் என்னும் ஊரில் ‘வால்டன்’ என்ற பண்ணையை அவர் நிறுவினார். நோக்கம் உயர்ந்ததாக இருந்தும், பொருளாதார நெருக்கடியால் 1907இல் அது நொடித்துப்போனது. எனினும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. 1913இல் தம் கனவு ஆய்வை ஆங்கிலக் கட்டுரையாக வெளியிட்டார். இரவீந்திரநாத் தாகூரின் கீதாஞ்சலியை டச்சு மொழிக்குக் கொண்டுவந்தவரும் அவரே. அதே ஆண்டில் தம் மகனை இழந்த துயரையும் அவர் ஒரு நூலாக எழுதினார். கனவில் இறந்தவர்களோடு தொடர்புகொள்ள முடியும் என்றும் அவர் நம்பினார். அந்த நம்பிக்கையை அறிவியல் ஏற்கவில்லை. அவருடைய பதிவுகளை மட்டும் மதித்தது.

இறுதி ஆண்டுகளில் வான் ஈடனின் மனத்தெளிவு குன்றியது. கனவையும் நனவையும் பிரித்தறிய இத்தனை ஆண்டுகள் முயன்ற அவர், 1932ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் பூசுமில் காலமானார்.

தெளிவுக் கனவு உண்மையா என்ற ஐயம் அதன் பின்னும் நீடித்தது. 1975இல் இங்கிலாந்தில் கீத் ஹெர்ன் என்பவர் அதற்கு ஒரு வழி கண்டார். கனவு காணும்போது உடல் தளர்ந்து கிடந்தாலும் கண்கள் அசையும். எனவே, தாம் கனவில் இருப்பதை உணர்ந்ததும், முன்பே பேசி வைத்தபடி கண்களை இடமும் வலமுமாக அசைக்குமாறு உறங்குபவரிடம் கூறப்பட்டது. அந்த அசைவைக் கருவி பதிவு செய்தது. சில ஆண்டுகளில் அமெரிக்காவின் ஸ்டீபன் லபெர்ஜும் இதே முடிவைக் கண்டார்.

சரிபார்க்காத செய்தி என்னவாகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1934இல் மலாயாக் காடுகளுக்கு வந்த கில்டன் ஸ்டூவர்ட் என்னும் அமெரிக்கர், கனவைக் கட்டுப்படுத்தும் கலையைத் தெமியார் மக்கள் தம் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதாகப் பின்னர் எழுதினார். அக்கட்டுரை மேலைநாடுகளில் பெரும்புகழ் பெற்றது. தெமியார் மக்கள் கனவில் பாடல்களைப் பெறுவதாக நம்புவது உண்மையே. ஆயினும் ஸ்டூவர்ட் விவரித்த பயிற்சிமுறை அவர்களிடம் இல்லை என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் காட்டினர்.

இன்று தெளிவுக் கனவைப் பழகுவோர் சில எளிய சோதனைகளைச் செய்கின்றனர். ஒரு வரியைப் படித்து, பார்வையைத் திருப்பி, மறுபடியும் படிக்கின்றனர்; கனவில் எழுத்துகள் பெரும்பாலும் மாறிவிடும். மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சை இழுத்துப் பார்க்கின்றனர். கனவில் மூச்சு தடைபடாமல் வருவதுண்டு. ஒரு சோதனை பொய்க்கலாம் என்பதால் மற்றொன்றையும் செய்கின்றனர். உயரத்திலிருந்து குதிப்பது போன்ற ஆபத்தான சோதனையை எந்நிலையிலும் செய்யலாகாது. விழித்தவுடனும் சோதிக்கவேண்டும் என்பதே இதில் முக்கிய விதி. விழித்துவிட்டோம் என்ற உறுதி வந்த கணத்தில்தான் மனிதர் ஐயப்படுவதை நிறுத்திவிடுகின்றனர். வான் ஈடனின் ஈர உள்ளங்கை உணர்த்துவதும் அதுவே.